நீலத்திரை வந்தால் முதலில் டிரைவரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லோட் ஷெடிங் (முன்கூட்டியே அறிவிக்கும் மின்வெட்டு) அறிவித்த நேரத்தில் டிரைவர் அப்டேட்டைத் தொடவே தொடாதீர்கள். டிரைவர் என்பது கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். பாதியில் கரண்ட் போனால் கோப்புகள் அரைகுறையாக நின்று, அடுத்த முறை கணினியைப் போடும்போதே நீலத்திரை, அதாவது விண்டோஸ் முடங்கும்போது வரும் நீல நிறப் பிழைத்திரை, விழலாம்.

விழுந்தால் பதறிப்போய் விண்டோஸை அழிக்க வேண்டாம். திரையின் அடியில் 'சிஸ்' (.sys) என்று முடியும் பெயர் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எந்த டிரைவர் என்பதற்கு அதுதான் நல்ல துப்பு. லாகின் திரையில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட். பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்துங்கள். இதுதான் சேஃப் மோட், அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் நிலை.

டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டிரைவர் பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை; அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கும் இலவச மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம், தவறான டிரைவரைத் திணித்துவிடும்.

சேஃப் மோடிலும் விழுகிறதா? கணினியின் தற்காலிக நினைவகமான ரேமை (RAM) சோதியுங்கள்.