சுரங்கத்திலிருந்து சக்கரம் வரை

மின்சாரக் காரையும் பெட்ரோல் காரையும் ஒப்பிடும்போது சிலர் சார்ஜரிலும் டேங்கிலும் கணக்கைத் தொடங்கி, மின்சாரக் கார் மூன்று, நான்கு மடங்கு சிக்கனமானது என்று முடித்துவிடுகிறார்கள். அதை மறுப்பவர்கள் அனல்மின் நிலையத்தைக் காட்டுகிறார்கள். எண்ணெய்க் கிணற்றையும் சுத்திகரிப்பு ஆலையையும் பற்றி வாய் திறப்பதில்லை. இரண்டுமே ஓரவஞ்சனை. எரிபொருள் மண்ணிலிருந்து வெளிவரும் இடத்திலிருந்தே இரண்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட், அதாவது 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 100 கிலோமீட்டருக்கு 60 யூனிட் எரிக்கிறது. அதில் சக்கரத்தை அடைவது சுமார் கால் பங்குதான். மீதியில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகவே போய்விடுகிறது. கச்சா எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, கொண்டுவந்து சேர்க்கும் செலவையும் கூட்டினால் 60 என்பது 70ஐத் தாண்டும்.

அதே அளவுள்ள மின்சாரக் கார், பிரேக் பிடிக்கும்போது ஒரு பகுதி ஆற்றலைத் திரும்பப் பெறுவதால், 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் போதும் என்று திரையில் காட்டும். ஆனால் சுவரிலுள்ள மீட்டரில் 17 யூனிட் ஓடியிருக்கும். சார்ஜ் ஏறும்போது கருவியைத் தொட்டால் உணரும் சூடு இந்த இழப்பின் ஒரு பகுதி. அந்த 17 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்தால், அனல்மின் நிலையம் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாகத்தான் மின்சாரமாக்கும் என்பதாலும் கம்பிகளில் இழப்பு உண்டு என்பதாலும், செலவு 50 யூனிட்டைக் கடக்கிறது. ஆற்றல் மிச்சம்தான், ஆனால் ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரி பெட்ரோலைவிட அதிகக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுவதால், புகைக் கணக்கில் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. காற்றாலையோ சூரிய ஒளியோ என்றால் அனல்மின் நிலையத்தின் வெப்ப இழப்புக்கே இடமில்லை. கம்பி இழப்பையும் சேர்த்து 18 யூனிட்டோடு முடிந்துவிடும்.

இன்னும் பேட்டரி இருக்கிறது. அதைச் செய்யவே பல ஆயிரம் யூனிட் ஆகிறது. 10,000 என்று வைத்துக்கொண்டால், காற்றாலை மின்சாரத்தில் ஓடும் கார் அதைச் சுமார் 20,000 கிலோமீட்டரில் ஈடுகட்டும். நிலக்கரி மின்சாரத்தில் ஓடுவதற்கு அதைப்போல மூன்று மடங்கு தூரம் தேவைப்படும். ஆகவே, ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் மிகப் பெரிய பேட்டரியைப் பொருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.