பார்மசி படிக்க எந்த பயாலஜி?

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எனக்கு வருகிற போன்களில் பாதி இந்த ஒரே கேள்விக்குத்தான். "பொண்ணு பார்மசி பண்ணணும்னு சொல்றா, ப்யூர் சயின்ஸ் போடட்டுமா, பயோ மேத்ஸ் போடட்டுமா?" சென்னையில் ஒரு மருத்துவமனை பார்மசியில் வேலை பார்க்கிறேன், அதனால் சொந்தக்காரர்களுக்கும் எங்கள் அபார்ட்மென்ட்காரர்களுக்கும் நான்தான் இலவச கவுன்சலிங். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கேயே எழுதிவிடுகிறேன், இனி லிங்க் அனுப்பிவிடலாம்.

குரூப் விஷயத்தை (ப்யூர் சயின்ஸில் மேத்ஸ் கிடையாது, பயோ மேத்ஸில் உண்டு) முதலில் முடித்துவிடுவோம், அதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. பி.பார்ம் என்கிற நான்கு வருட பார்மசிப் பட்டப்படிப்பில் சேர பிளஸ் டூவில் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் கட்டாயம், கூடவே பயாலஜியோ மேத்ஸோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். தமிழ்நாட்டில் அரசு கவுன்சலிங்குக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பயாலஜி படிக்காமல் வந்தவருக்கு முதல் செமஸ்டரில் ரெமிடியல் பயாலஜி என்று ஒரு பேப்பர் வைப்பார்கள், மேத்ஸ் படிக்காமல் வந்தவருக்கு ரெமிடியல் மேத்ஸ். என் ஓட்டு பயோ மேத்ஸுக்கு. மருந்து உடம்பை விட்டு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று கணக்குப் போடும்போது லாகரிதம் வரும், எட்டாவது செமஸ்டரில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் வரும், அப்போது மேத்ஸைப் பார்த்து நடுங்காதவர் நிம்மதியாக இருப்பார். சில பள்ளிகளில் மேத்ஸுக்குப் பதிலாக மைக்ரோபயாலஜி அல்லது பயோகெமிஸ்ட்ரி என்று நான்காவது பாடம் உண்டு. கேட்க அழகாக இருக்கும், ஆனால் அவை இரண்டும் எப்படியும் பி.பார்மில் தனிப் பேப்பராக வருகிறவைதான், அதற்காக மேத்ஸை விட வேண்டாம் என்பேன்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. பயாலஜி என்கிற பெரிய புத்தக மூட்டையில் எந்தப் பாடம் பின்னால் மருந்தாக மாறி வந்து நிற்கும்? அதைத் தெரிந்துகொண்டு படிக்கிற பிள்ளைக்கும், எல்லாவற்றையும் ஒரே மாதிரி நெட்டுரு போடுகிற பிள்ளைக்கும் கல்லூரியில் இரண்டாவது வருடம் நான்காவது செமஸ்டரில், அதாவது மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் பார்மகாலஜி தொடங்குகிற இடத்தில், நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களுடைய மாத்திரை டப்பாவை எடுத்துப் பாருங்கள் (பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வையுங்கள், திட்டு எனக்கு விழும்). சென்னையில் அநேகமாக எந்த வீட்டு டப்பாவிலும் பான்டப்ரசோல் (அசிடிட்டிக்கு), டெல்மிசார்ட்டன் (பிரஷருக்கு), மெட்ஃபார்மின் (சுகருக்கு), தைராக்சின் (தைராய்டுக்கு) இதில் குறைந்தது இரண்டு இருக்கும். இப்போது பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தைத் திறங்கள். செரிமானப் பாடத்தில் இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் என்று ஒரு வரி வருகிறதே, அந்தச் செல்லிலிருந்து அமிலத்தை வெளியே தள்ளும் பம்பைத்தான் பான்டப்ரசோல் அடைக்கிறது. சாப்பாடு வந்தால்தான் அந்தப் பம்புகள் மும்முரமாக வேலை செய்யும், அதற்குள் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும், அதனால்தான் சாப்பாட்டுக்கு முன் போடச் சொல்கிறோம். கழிவுநீக்கப் பாடத்தில் ரெனின், ஆஞ்சியோடென்சின் என்று ஒரு சங்கிலி வரும், பாதிப் பிள்ளைகள் அதைப் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டு மறந்துபோகிற இடம். டெல்மிசார்ட்டன் அந்தச் சங்கிலியின் கடைசியில் போய் உட்கார்கிறது. அதே சங்கிலியின் நடுவில் இருக்கும் நொதியைத் தடுப்பது எனலாப்ரில் என்கிற இன்னொரு பிரஷர் மாத்திரை. அந்த நொதிக்கு பிராடிகைனின் என்கிற இன்னொரு பொருளை உடைக்கும் வேலையும் உண்டு, அது நின்றுபோனால் பிராடிகைனின் சேர்ந்து சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது. பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து இருமுகிறேன் என்று தெரியாமலேயே வந்து இருமல் சிரப் கேட்பவரிடம் "என்ன பிரஷர் மாத்திரை போடறீங்க?" என்று கேட்கத் தோன்றுகிறதே, அந்தப் புத்தி இந்தப் பாடத்திலிருந்துதான் வருகிறது. மெட்ஃபார்மின் பெரும்பாலும் கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கிறது, உடைபடாமல் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியே போகிறது, ஆகவே சிறுநீரகம் பலவீனமானவருக்குக் கொடுக்கும்போது கவனம் வேண்டும். தைராக்சினை வெறும் வயிற்றில் போடணும், கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது.

ஆக, பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் செரிமானத்திலிருந்து நாளமில்லாச் சுரப்பிகள் வரைக்கும் உள்ள பாடங்கள்தான் பார்மசிக்காரரின் அஸ்திவாரம். பி.பார்ம் முதல் இரண்டு செமஸ்டரிலும் வருகிற ஹியூமன் அனாட்டமி அண்ட் பிசியாலஜி இதன் விரிவுதான்.

தாவரவியலை மட்டமாக நினைக்கிறவர்கள் நிறைய பேர். அது தப்பு. செல் பாடமும் உயிரி மூலக்கூறுகள் பாடமும் அந்தப் புத்தகத்தில்தான் ஒளிந்திருக்கின்றன, நொதிகளும் அவற்றைத் தடுக்கும் பொருள்களும் அங்கேயே வந்துவிடும். கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் அட்டார்வாஸ்டாட்டின் அப்படி ஒரு நொதித் தடுப்பான்தான். பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ், நம்முடையது 80எஸ் என்று ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அசித்ரோமைசின் பாக்டீரியாவை மட்டும் பார்த்து அடிப்பதற்கு அந்த வித்தியாசம்தான் காரணம். வைரஸிடம் ரைபோசோமே கிடையாது, பிறகு சாதாரண சளிக்கு அசித்ரோ வாங்கித் தின்று என்ன பயன்? கடைக்கு வந்து ஸ்ட்ரிப் பெயரைச் சொல்லிக் கேட்பவரிடம் இதை விளக்கும் பொறுமை உங்களுக்கு வரட்டும், எனக்குக் குறைந்துகொண்டே வருகிறது.

அப்புறம் இலை, தண்டு, வேர் உள்ளமைப்பு. பார்மகோக்னசி (செடிகொடிகளிலிருந்து வரும் மருந்துகளைப் பற்றிய பாடம்) லேபில் நிலாவரை இலையைக் குறுக்கே வெட்டி ஸ்லைடு போட்டு, இலைத்துளை எந்த வகை, கால்சியம் ஆக்சலேட் படிகம் எங்கே என்று தேட வேண்டும். பள்ளியில் ஒழுங்காக ஸ்லைடு போட்டவருக்கு அது விளையாட்டு, மற்றவர்களுக்கு இலை கிழிந்து கிழிந்து வரும். நிலாவரைக்கு உலக மருந்துப் புத்தகங்களில் டின்னவேலி சென்னா என்று பெயர், நம் திருநெல்வேலிதான் அது. வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் கிடைத்தது. மயிலாப்பூர் டப்பா செட்டி கடை மாதிரி ஒரு நாட்டு மருந்துக் கடையில் போய் நின்று பார்த்தால் பாதி சிலபஸ் டப்பாவில் அடுக்கியிருப்பது தெரியும்.

மரபியலில் மெண்டலின் பட்டாணியோடு நிற்காமல் எக்ஸ் குரோமோசோம் வழி வருகிற குறைகள் வரைக்கும் போங்கள். அப்படி வருகிற குறைகளில் ஒன்று ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பது; அவருக்கு மலேரியாவுக்கான பிரிமாகுயின் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். சூழலியலைப் பரீட்சைக்குப் படித்தால் போதும், இதைச் சொன்னதற்கு பாட்டனி டீச்சர்கள் என்னை மன்னிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பயாலஜி பிடிக்கும், கெமிஸ்ட்ரி பிடிக்காது, அதனால் பார்மசி என்று யாராவது சொன்னால் கையைப் பிடித்து உட்கார வைத்துப் பேசுங்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மூன்று செமஸ்டர், மெடிசினல் கெமிஸ்ட்ரி மூன்று செமஸ்டர். தப்பிக்கவே முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் அக்கா பெண்ணும் இதையே வேறு மாதிரி கேட்டாள். "சித்தி, அப்பர் லெவல் பயாலஜியில எதை எடுக்கறது?" அங்கே பெரும்பாலும் குறைந்தது இரண்டு வருடம் கல்லூரியில் ப்ரீ-பார்மசி பாடங்களை முடித்துவிட்டுத்தான் பார்ம்.டி. என்கிற நான்கு வருட பார்மசிப் படிப்பில் சேர்வார்கள். பிகேட் என்ற நுழைவுத் தேர்வை 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள், ஆகவே இந்தப் பாடங்களில் வாங்கும் கிரேடுக்கு மவுசு கூடியிருக்கிறது. ஹியூமன் பிசியாலஜி, லேபோடு மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, இந்த மூன்றையும் முடித்துவிட்டு இடம் இருந்தால் இம்யூனாலஜி (நோய் எதிர்ப்பு பற்றிய பாடம்) எடு என்றேன். புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் இன்று வருகிற புது மருந்துகளில் நிறைய ஆன்டிபாடிகள், பலவற்றின் பெயர் 'மேப்' (mab) என்று முடியும், அதெல்லாம் இம்யூனாலஜி தெரியாமல் மண்டையில் ஏறாது. எடுக்கப்போகும் பாடம் அவள் விண்ணப்பிக்கும் கல்லூரியின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன், ஒவ்வொரு இடத்திலும் பட்டியல் கொஞ்சம் மாறும்.

இங்கே படித்துவிட்டு அங்கே பார்மசிஸ்ட் ஆகலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்கள் அங்கே சமநிலைத் தேர்வு எழுத ஐந்து வருடப் பார்மசிப் படிப்பு வேண்டும், நம் நான்கு வருட பி.பார்ம் மட்டும் இருந்தால் போதாது. 2008ல் இங்கே வந்த ஆறு வருட பார்ம்.டி.க்கு அந்தச் சிக்கல் இல்லை, அதில் கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப்.

சரி, கடைசியாகப் பள்ளி. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓட்டிவிட்டு ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்பு போர்ஷனைத் தொடங்குகிற பள்ளிகள் நம் ஊரில் இருக்கின்றன. பார்மசிக்குத் தேவையான பிசியாலஜி பெரும்பாலும் பதினொன்றில்தான் இருக்கிறது என்பதால் அப்படிப்பட்ட பள்ளியில் சேர்த்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். பீஸ் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: லெவன்த் விலங்கியலை முழுதாக நடத்துவீர்களா, லேபில் பிள்ளைகள் கையால் ஸ்லைடு போடுவார்களா அல்லது டீச்சர் போட்டதை வரிசையில் நின்று பார்ப்பார்களா. பிரின்சிபால் சொல்வதோடு விடாமல், அங்கே பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளையை கேட் பக்கத்தில் நிறுத்தி அதே இரண்டையும் கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.