மின்சாரம் மட்டும் உள்ள வீட்டுக்கு எந்த ஹீட்டர்?

மொன்றியலில் வீடு வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, எரிவாயு இணைப்பு இல்லை. குளிருக்கு எதைப் போடுவது?"

வாங்கும்போது மலிவு, சுவரோரம் பொருத்தும் பேஸ்போர்டு ஹீட்டர்தான். பழுதும் குறைவு. ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம், அவ்வளவுதான். எண்ணெய் ஹீட்டர், செராமிக் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். "மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கும்" என்று இவற்றை எவராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஹீட் பம்ப் வேறு ரகம். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருப்பதை எடுத்து உள்ளே தள்ளுகிறது. மிதமான குளிரில் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். மைனஸ் 20க்குக் கீழே அந்த லாபம் சுருங்கும். ஆகவே கூடத்தில் கடுங்குளிருக்கென்றே செய்த மினி ஸ்ப்ளிட் (வெளியே ஒரு பெட்டி, உள்ளே சுவரில் ஒரு பெட்டி என்று வரும் ஹீட் பம்ப்) ஒன்றைப் போடுங்கள்; பழைய பேஸ்போர்டுகளைக் கழற்றாதீர்கள், ஜனவரியில் தேவைப்படும். கோடையில் அந்த மினி ஸ்ப்ளிட்டே ஏசி என்பது கூடுதல் வரவு.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் வழக்கமான வீட்டு மின்கட்டணத்தில் நாளொன்றுக்கு முதல் 40 யூனிட்டுக்கு ஒரு விலை, மிஞ்சியதற்கு அதைவிட அதிகம். ஹீட் பம்ப் குறைப்பது பெரும்பாலும் அந்த விலை கூடிய யூனிட்டுகளைத்தான்.

ஹீட் பம்ப் போடுவதற்கான மானியம் எல்லா மாடலுக்கும் கிடையாது. முன்பணம் கொடுப்பதற்குமுன் மாடல் எண் தகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விற்பவர் தலையாட்டுவதை நம்ப வேண்டாம். ஜன்னல் இடுக்குகளை அடைக்கும் வேலையை இந்த வாரமே முடித்துவிடலாம்.