டிஸ்பிராக்சியாவும் வீடியோ விளையாட்டும்: எங்கள் வீட்டில் நடந்தது

உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் தரும் டிஸ்பிராக்சியா என்ற குறைபாடு உள்ள பிள்ளைக்கு வீடியோ விளையாட்டு பயன்படுமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு, பயன்படும் என்றே சொல்கிறேன். ஆனால் திரையில் பழகிய கை தானாகவே சட்டைப் பொத்தானையும் போட்டுவிடும் என்று யாரும் நம்பிவிடக்கூடாது. என் மகன் பாலர் பள்ளியின் கடைசி ஆண்டில் இருந்தபோது தொடங்கி, இப்போது தொடக்கநிலை இரண்டில் படிக்கும் வரை, இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்த்து வருகிறேன்.

பாலர் பள்ளி ஆசிரியர் சொல்லித்தான் பலதுறை மருந்தகத்துக்குப் போனோம். அங்கே பெற்ற பரிந்துரைக் கடிதத்துடன் அரசாங்க மருத்துவமனை ஒன்றின் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் பதிந்துகொண்டு, முறை வரும்வரை காத்திருந்தோம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு இந்த ஒருங்கிணைப்புக் குறைபாடு இருப்பதாகவும், ஐந்து வயதுக்கு முன் இதைப் பொதுவாக உறுதிசெய்வதில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். சோதனையில் நாணயங்களைப் பெட்டித் துவாரத்தில் போடுவது, மணி கோப்பது, இரு கோடுகளுக்கு இடையே பென்சிலை ஓட்டுவது, சிறு மணல்பையைப் பிடிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது எனப் பல வேலைகள் இருந்தன. அறிவில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளை, நாணயத்தைத் துவாரத்தின் ஓரத்தில் முட்டி முட்டித் திருப்புவதைப் பார்த்தபோதுதான், அவன் இத்தனை நாளும் சோம்பலால் தாமதிக்கவில்லை என்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் விளங்கியது.

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரப்பி என்ற சிகிச்சை தொடங்கிய பிறகு, விளையாட்டைப் பற்றி நானே கேட்டேன். எங்கள் சிகிச்சையாளர் மறுக்கவில்லை. ஆனால் அது துணைதான் என்று தெளிவாகச் சொன்னார். எந்த வேலை வரவில்லையோ அந்த வேலையையே படிப்படியாகப் பழக்குவதைத்தான் 2019இல் வெளியான அனைத்துலகப் பரிந்துரைகள் முன்னிறுத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் 21 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், உடலை அசைத்து ஆடும் வீடியோ விளையாட்டுகளை 16 வாரம் வீட்டில் ஆடியும் அசைவுத் திறனை அளக்கும் சோதனையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகளோ தங்கள் திறன் கூடியிருப்பதாக உணர்ந்தார்கள். அந்த உணர்வை வெறும் ஆறுதல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓடிப்பிடித்து விளையாடும்போது எப்போதும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளை, முயன்று பார்ப்பதையே நிறுத்திவிடுகிறான். முயற்சி நின்றுவிட்டால் எந்தச் சிகிச்சையாலும் பலன் இருக்காது.

என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. “கையும் காலும் சரியா வரலைன்னு டாக்டர்கிட்ட போறீங்க, வீட்டுக்கு வந்ததும் டிவி முன்னால உட்கார வைக்கிறீங்களேம்மா” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எந்த விளையாட்டு, எந்த அமைப்பில், எவ்வளவு நேரம் என்பதைச் சிகிச்சையாளரோடு பேசி முடிவுசெய்தோம்.

முதலில் எடுத்தது நிண்டெண்டோ சுவிட்ச் விளையாட்டுக் கருவியில் ஆடும் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற வண்டிப் பந்தய விளையாட்டு. அதில் வண்டி பாதையைவிட்டு விழாமல் தடுக்கும் ஸ்மார்ட் ஸ்டீரிங் என்ற அமைப்பும், பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கத் தேவையில்லாமல் வண்டியைத் தானாக ஓட்டும் இன்னோர் அமைப்பும் உண்டு. இரண்டையும் போட்டுவிட்டபோது, அவனுக்குத் திருப்புவது ஒன்றுதான் வேலை. அது கைக்குப் பழகிய பின் தானாக ஓடுவதை நிறுத்தினோம். அப்போது வலக்கை விரல் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, இடக்கை விரல் திருப்ப வேண்டியிருந்தது. இரு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்வதுதான் அவனுக்கு மிகக் கடினம். தொடக்கத்தில் திருப்பும்போதெல்லாம் அழுத்திய விரல் தளர்ந்து வண்டி நின்றுவிடும். ஸ்மார்ட் ஸ்டீரிங் இருக்கும்போது வண்டியின் பின்னால் சிறிய ஆன்டெனா தெரியும்; சில குறுக்குவழிகளிலும் நுழைய முடியாது. பெரியப்பா மகன் அந்தக் குறுக்குவழியில் போவதைப் பார்த்தவன், ஆன்டெனாவை எடுத்துவிடும்படி தானாகவே கேட்டான். பிறகு பலமுறை பள்ளத்தில் விழுந்தான். விழுந்த வண்டியை அந்த விளையாட்டு உடனே தூக்கிப் பாதையில் விட்டுவிடுகிறது. அங்கே சிரிப்பதற்கும் பரிதாபப்படுவதற்கும் ஆள் இல்லை. திடலில் அவனுக்குக் கிடைக்காத வசதி இதுதான்.

பழைய பொருள்களை விற்கும் கரோசல் இணையத்தளத்தில், நிண்டெண்டோவின் பழைய வீ விளையாட்டுக் கருவியையும் அதன் சமநிலைப் பலகையையும் வாங்கினோம். பலகையில் நின்றால் உடல் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஒரு புள்ளி திரையில் காட்டும். நேராக நில் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி விளங்காதது, அந்தப் புள்ளியைக் கண்டதும் விளங்கியது. அதில் அவன் தேறினான். ஆயினும் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கும் வழக்கம் மாறவில்லை.

பள்ளிச் சீருடையின் பொத்தான்களைத் தனியாகத்தான் பழக்க வேண்டியிருந்தது. இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு என்ற வரிசையில், எங்கே தவறுகிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி சிகிச்சையாளர் வழிநடத்தினார். ஒருநாள் அவன், “அம்மா, வளைவு வர்றதுக்கு முன்னாடியே வண்டியைத் திருப்பணும்ல, அந்த மாதிரி பொத்தான் பாதி வந்ததுமே அடுத்த கையால பிடிச்சு இழுக்கணும்” என்றான். விளையாட்டில் தோற்ற இடத்தை நினைவில் வைத்து மறுமுறை மாற்றிச் செய்து பார்க்கும் பழக்கம், இங்கே அவனுக்குக் கைகொடுத்தது. விரலின் திறன் திரையிலிருந்து வந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தப் பழக்கம் வந்தது. பள்ளி உணவகத்தில் சூப் கிண்ணம் வைத்த தட்டை ஏந்தி நடக்கவும் அதே வரிசையில்தான் பழகினான். முதலில் வீட்டில் வெறும் கிண்ணம், பிறகு பாதித் தண்ணீர், பிறகு கூட்டமில்லாத நேரத்தில் புளோக்குக்குக் கீழேயுள்ள உணவங்காடி.

பள்ளி நாள்களில் வீட்டுப்பாடம் முடிந்த பிறகே விளையாட்டு. களைப்பு மிகுந்தால் கை மேலும் தடுமாறி எரிச்சல் வருவதால், அவன் வென்றுகொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுகிறோம். பாட்டியும் இப்போது ஓர் ஓட்டம் அவனோடு ஆடுகிறார். வண்டியை எப்படித் திருப்புவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பவன் இவன்தான்.

கையெழுத்துக்கு எந்த விளையாட்டும் உதவவில்லை. எழுத்துகள் கோட்டைத் தாண்டுவதும், ஒரு பத்தி எழுதுவதற்குள் கை வலிப்பதும் தொடர்கின்றன. வகுப்பு ஆசிரியரிடமும் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் பள்ளி அதிகாரியிடமும் மருத்துவமனை அறிக்கையின் நகலைக் கொடுத்திருக்கிறோம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், சிகிச்சையாளரின் குறிப்புகளையும் அவனுடைய பயிற்சி ஏடுகளையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் இப்போதிருந்தே சேர்த்து வருகிறேன்.