பத்திரத்தில் எவ்வளவு போடுவது?

முதலீட்டுக்கென்று முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு அட்வான்ஸ் பேசும் நாளிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். "விலை அறுபது லட்சம். கைடுலைன் நாப்பதுதான் வருது சார். பத்திரத்துல நாப்பது போட்டுட்டு மீதி இருபதைக் கையில குடுத்துருங்க, உங்களுக்கும் செலவு மிச்சம்" என்பார் தரகர். கைடுலைன் என்பது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு.

தமிழ்நாட்டில் பழைய தனி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இருபது லட்சத்தைக் காட்டாமல் விட்டால் 1,80,000 ரூபாய் மிச்சமாவது உண்மை. ஆனால் முதலீடு என்றால் ஒருநாள் விற்றாக வேண்டும். கணக்கை அதுவரை கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஐந்து வருடம் கழித்து 80 லட்சத்துக்கு முழுவதும் வெள்ளையில் விற்கிறீர்கள். பத்திரத்தில் 60 போட்டிருந்தால், பதிவுச் செலவோடு உங்கள் அடக்கம் 65.4 லட்சம். லாபம் 14.6 லட்சம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு வரி 12.5 சதவீதம், அதாவது 1,82,500 ரூபாய். 40 போட்டிருந்தால் அடக்கம் 43.6 லட்சம்தான். லாபம் 36.4 லட்சம், வரி 4,55,000. அந்த வரியின் மேல் போடும் செஸ் தனி. அன்று மிச்சம் பிடித்ததைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் கூடுதலாகப் போகிறது.

இதைவிடப் பெரிய அடி வங்கியில் விழும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு; பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். 60 லட்சப் பத்திரம் என்றால் 48 லட்சம் கடன். நீங்கள் 12 லட்சமும் பதிவுச் செலவு 5.4 லட்சமும் புரட்டினால் போதும். 40 லட்சப் பத்திரத்துக்குக் கடன் 32 லட்சம். அப்போது 8, 3.6, ரொக்கம் 20 என்று 31.6 லட்சம் கையில் வேண்டும். அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று வருமான வரித்துறை கேட்டால் பதில் வேண்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே விற்பவருக்கு அபராதமும் உண்டு.

கைடுலைன் மதிப்பைவிட விலை குறைவாக அமைவதும் உண்டு. 50 லட்சத்துக்குப் பேசிய வீட்டின் கைடுலைன் 60 லட்சம் என்றால் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்தப் பத்து லட்சம் வாங்குகிறவரின் வருமானமாகவே கணக்கில் சேரும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் தெருவின் மதிப்பைப் பார்த்துவிடுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது அவர் பேரில் அரசுக்குக் கட்டும் வரி, பிடிப்பது உங்கள் பொறுப்பு. பலர் பத்திரப்பதிவு அன்று மட்டும் பிடிக்கிறார்கள். அட்வான்ஸ் உட்பட ஒவ்வொரு தவணையிலும் பிடிக்க வேண்டும்; பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். தாமதமானால், பிடித்த தொகை அளவுவரை, நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், வட்டி வேறு. அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கு 30 லட்சம் பங்கு விற்றாலும், 2024 அக்டோபர் 1 முதல் மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். இருவருக்கும் தனித்தனியாகப் படிவம் போட வேண்டும். விற்பவரின் பான் ஆதாரோடு இணைக்காமல் முடங்கியிருந்தால் ஒரு சதவீதம் இருபதாகிவிடும். விற்பவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருந்தால் இந்த ஒரு சதவீத விதியே பொருந்தாது. பிடித்தம் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வரித்துறை உங்களிடம்தான் வரும்.

வாடகைக் கணக்கு எளிது. மாதம் 20,000 என்றால் வருடத்துக்கு 2,40,000. நீங்கள் கட்டிய சொத்துவரி 6,000 போக, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழியும். மிஞ்சுவது 1,63,800. கடன் வட்டி முதல் வருடத்தில் நான்கு லட்சம் என்றால் கணக்கு நஷ்டத்தில் நிற்கும். பழைய வரிமுறையில் அதில் இரண்டு லட்சம்வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் ஒரு ரூபாய்கூட முடியாது. நீங்கள் புதிய முறையில் இருந்தால், வரி மிச்சமாகும் என்ற நினைப்பில் இஎம்ஐ தொகையை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.