மூன்றாம் பக்கத்துக் கொக்கு

அண்ணன் குவைத்தில் இருக்கிறான். அண்ணி திருப்பூர் பனியன் கம்பெனியில். அவர்கள் மகன் மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பாயியோடு, அதாவது என் அம்மாவோடு, வளர்கிறான். குறுவை காய்ந்து சம்பா மூழ்குகிற ஊரில் யாரைப் போகாதே என்பது?

மூன்று வயசாகியும் பையனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. எது வேண்டுமென்றாலும் கையைக் காட்டுவான். அம்மா நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விட்டு அலுத்து வருவாள். அவனிடம் பேசுவதெல்லாம் "வா, தின்னு, அங்க போவாத, படு" அவ்வளவுதான். மிச்ச நேரம் செல்போன். அது பாட்டுக்குப் பேசும், இவன் வாயைத் திறக்கவே வேண்டாம்.

2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை நேர வகுப்புத் திட்டம் தொடங்கியபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். திண்ணைக்கு வந்த சில பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பார்கள். "சரி, நரி ஏன் திரும்பிப் போச்சு?" என்றால் திருதிருவென முழிப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தும் கதை பிடிபடவில்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1988-ல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று வயசு நிரம்பாத பிள்ளைகளின் பெற்றோர் எல்லாருமே படப்புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். ஒரு பாதிப்பேருக்கு மட்டும், பிள்ளையிடம் கேள்வி கேட்டுப் பேசவிடவும், அது சொன்னதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவும் பயிற்சி. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் முந்திவிட்டார்கள்.

கிளை நூலகத்தில் ஒரு படப்புத்தகம் எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தேன்.

"எழுத்தே தெரியாதவகிட்ட குடுக்கிறியே."

"படத்த மட்டும் பாரும்மா."

மூன்றாம் பக்கத்தில் பழுப்பாக ஒரு பறவை. கீழே 'கொக்கு' என்று போட்டிருந்தது. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இது கொக்கு இல்லடா, மடையான். குந்தியிருந்தா மண்ணு மாதிரி இருக்கும், பறந்தாதான் வெள்ளை தெரியும். வாய்க்கால்ல எப்புடிக் குந்தியிருக்கும், காட்டு?" அவன் கழுத்தை உள்ளே இழுத்துக் குந்திக் காட்டினான். எனக்கே அந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் தெரியும்.

குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அண்ணன் வேலை முடிந்து கூப்பிடும்போது இவன் தூங்கிவிடுவான். வெள்ளிக்கிழமை லீவில்தான் பேச்சு, அதுவும் "சாப்பிட்டியா?", "ம்".

போன வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் தூக்கி போனுக்கு நேராகப் பிடித்தான்.

"கொக்குடா" என்றான் அண்ணன்.

"ல்ல. மடையா!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.