தகயாமாவின் வணிகர் வீடுகளும் நம் வளவுகளும்

ஜப்பானின் கிஃபு மாநிலத்தில், ஹிடா மலைகளுக்கு நடுவே இருக்கும் தகயாமா நகருக்கு நகோயாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகிறது. பரப்பளவில் ஜப்பானின் மிகப் பெரிய நகரம் அதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி காடும் மலையும் என்பதால் நகருக்குள் இரைச்சலே இல்லை. செட்டிநாட்டிலிருந்து போகிறவர்கள் காலையிலேயே எழுந்து, சன்மாச்சி எனப்படும் பழைய வணிகர் தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் வளவுகள் எனப்படும் பெரிய வீடுகளின் முகப்புகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த வீடுகள் முதலில் எளியவையாகவே தோன்றும். தாழ்ந்த இறவாரம், கருத்த மரச் சட்டங்கள், தெருவோரம் ஓடும் சிறு வாய்க்கால், அரிசி மது வடிக்கும் வீட்டு வாசலில் தழைகளால் கட்டித் தொங்கவிட்ட பெரிய உருண்டை, அவ்வளவுதான். 1692 முதல், ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் அரசின் நேரடி நிர்வாகத்தில் இருந்த ஊர் அது. வணிகர்கள் தம் செல்வத்தை வெளியே காட்டுவதற்கு அக்காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. நம்மவர்களோ சுதைச் சிற்பமும் வண்ணக் கண்ணாடியுமாக வாசலிலேயே தம் வளத்தை அறிவித்தார்கள்.

1875இல் நெருப்புக்கு இரையாகி, கட்டுப்பாடுகள் நீங்கிய பின் 1879இல் மீண்டும் எழுப்பப்பட்ட, குசகாபே என்ற வணிகக் குடும்பத்தின் வீட்டில் நான் நெடுநேரம் நின்றேன். நுழைந்ததும் இருக்கும் மண்தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால், மச்சு எதுவும் மறைக்காமல், பருத்த உத்திரங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு ஓடுவது கூரை வரை தெரிகிறது. மரம் மரத்தைக் கவ்வி நிற்கும் அந்தப் பொருத்துகளைக் கண்டதும் பர்மாத் தேக்கை இழைத்த நம் தச்சர்களின் நினைவுதான் எனக்கு வந்தது. ஹிடா தச்சர்களின் பெருமை மிகப் பழையது. எட்டாம் நூற்றாண்டிலேயே அந்த மலைநாடு வரிக்குப் பதிலாகத் தச்சர்களைத் தலைநகருக்கு அனுப்பியிருக்கிறது.

சன்மாச்சியை ஜப்பானிய அரசு 1979இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. தனித்தனி வீடுகளாகப் பாராமல் தெருவையே ஒரு பொருளாகக் கருதிக் காத்ததுதான், என் பார்வையில், அந்த ஊரின் பெரிய அறிவு. செட்டிநாட்டு ஊர்களும் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் பங்காளிகள் பத்துத் திசையில் வாழ, மராமத்துச் செலவை யார் ஏற்பது என்று முடிவாகாமலே ஓடுகள் சரிகின்றன. பிறகு நிலைக்கதவும் தூணும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. விற்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒரு வளவைத் தாங்குவது தனி ஒருவரால் ஆகிற காரியமன்று. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் இன்றும் தரைக்கல் வார்க்கிறார்கள். அந்தக் கைகள் இருக்கும்போதே, ஒவ்வோர் ஊரிலும் ஒரு தெருவையாவது பங்காளிகள் கூடிப் பேசிப் பொதுவில் காப்பாற்ற முன்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

போக எண்ணுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏப்ரல் 14, 15, அக்டோபர் 9, 10 ஆகியவை அந்நகரின் தேர்த் திருவிழா நாள்கள். தேர்களைக் காண அவையே ஏற்றவை. அமைதியாக வீடுகளைப் பார்க்க விரும்புவோர் வேறு நாள்களில் செல்லலாம்.